ஹிம்செல்ஃப் என்றொரு முதலாளி

அத்தியாயம் ஒன்பது

கல்லுடைக்கிற இயந்திரம் ஃபிண்டனை விழுங்கிய நாளிலிருந்து மலக்கி கெராட்டிக்குச் சரியான தூக்கம் இல்லை. மச்சினன் செத்த துக்கம் ஒரு பக்கம். அவன் எப்படிச் செத்தான் என்று பார்த்த கண் தன்னுடையது என்பது இன்னொரு பக்கம். பார்த்ததில் பாதியை மட்டும் போலீஸ் சார்ஜென்டிடம் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிய வாயும் அவனுடையதுதான்.

இன்றைக்கு மரண விசாரணை. டவுன் கோர்ட்டில் கூண்டேறி, சார்ஜென்ட் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைத் தன் வாயாலேயே வாசிக்க வேண்டும். வாசிக்கிறது ஒன்றும் மலக்கிக்குக் கூடப்பிறந்தது இல்லை. பாதிரியார் ஹாலில் ராத்திரி வகுப்பு போட்டபோதுதான், தலை நரைத்த பிறகு, எழுத்துக்கூட்டப் பழகினான். கில்பிரானா கல்குவாரியில் முப்பது வருஷம் சம்மட்டி பிடித்த கைக்குக் காகிதம் இன்னமும் வழுக்கியது.

அடுப்பில் பன்றிக்கறித் துண்டு கருகிக்கொண்டிருந்தது. அட்ராக்டா அதைப் பார்க்காமல், சுத்தமாக இருந்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் மகள் டிம்ப்னா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். கான்வென்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். பயம் வந்தால் அம்மா பாத்திரம் தேய்ப்பாள், மகள் இலக்கணம் திருத்துவாள். மலக்கிக்குத்தான் செய்ய எதுவும் இல்லை.

"அப்பா, முதல் வரியே தப்பு. 'மைசெல்ஃபும் ஃபிண்டனும் வேலைக்குப் போனோம்'னு இருக்கு. 'ஐ'ன்னு சொல்ல வேண்டிய எடத்துல 'மைசெல்ஃப்' போடக்கூடாது."

"நான் எங்க போட்டேன்? சார்ஜென்ட் போட்டாரு."

"சார்ஜென்ட் என் க்ளாஸ்ல இருந்திருந்தா நூறு தடவை எழுத வச்சிருப்பேன். கம்பெனி வக்கீலும் அப்படித்தான். 'விவரம் வேணும்னா மைசெல்ஃபைத் தொடர்பு கொள்ளவும்'னு கடுதாசி போட்டிருக்கான். 'மீ'ன்னு எழுதினா இவனுக்குக் கிரீடம் இறங்கிருமா?"

"கொஞ்சம் பெரிய வார்த்தையாப் போட்டா மரியாதைன்னு நெனைக்கிறாங்கம்மா."

"மரியாதைக்கு எழுதற சொல் இல்லப்பா அது. செய்யறவனும் படறவனும் ஒரே ஆளா இருந்தா அங்க வரும். 'அவன் தன்னையே வெட்டிக்கிட்டான்.' அது சரி. இல்லேன்னா, ஒருத்தர் பேரைச் சொல்லிட்டு அழுத்தம் கொடுக்கலாம். அதுவும் சரி. வேற எங்க வந்தாலும் தப்பு."

மலக்கி தேநீரை ஆற்றினான். பாதி தட்டில் கொட்டியது.

"அப்படின்னா வக்கீல் கடுதாசியில கடைசியா எழுதியிருக்கானே, ஃபிண்டன் தானாவே உள்ள இறங்கித் தன்னையே மாய்ச்சுக்கிட்டான்னு. அது சரியா?"

சிவப்புப் பேனா நின்றது.

"இலக்கணப்படி..." டிம்ப்னாவின் குரல் தேய்ந்தது. "சரிதான்."

"இலக்கணமாம், மண்ணாங்கட்டியாம்!" அட்ராக்டா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "செத்தது என் தம்பி. அவனைப் பத்தி என் எதிர்லயே இப்படிப் பேசறீங்க."

கருகின வாடை மட்டும் வீட்டைச் சுற்றி வந்தது.

டிம்ப்னா இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள்.

"இதையும் பாருங்க. 'காலையில ஹிம்செல்ஃப் இயந்திரத்துப் பக்கம் வந்தாரு.' யாருப்பா இந்த ஹிம்செல்ஃப்? முன்னால ஒரு ஆள் பேரு இருக்கணும். வாசல்ல ஆளே இல்லாம நெழல் மட்டும் விழுமா?"

"யாருன்னு உனக்குத் தெரியாதாக்கும்."

"எனக்குத் தெரியும். பால் வண்டிக்காரனுக்கும் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியணும்ல?"

கில்பிரானாவில் பெண்டாட்டிமார் புருஷனை அப்படித்தான் சொல்வார்கள். "ஹிம்செல்ஃப் இன்னும் எழுந்திரிக்கல", "ஹிம்செல்ஃபுக்கு முட்டை பிடிக்காது" என்று. ஆனால் குவாரியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு ஆள்தான் உரிமைக்காரர். முதலாளி. பெரிய ஹெஷன் உயிரோடு இருந்தவரை அது அவர். அவரைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலமே அது மகனுக்குப் போய்விட்டது. குவாரியோடும், குவாரிக்காரர்கள் குடியிருக்கிற வீடுகளோடும் சேர்த்து அதையும் எழுதி வைத்துவிட்டுப் போனதுபோல. பேரைச் சொல்லிப் பேசுகிறவன் ஊரில் இல்லை. மலக்கி முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அப்பன் பேரையும் சொன்னதில்லை, மகன் பேரையும் சொன்னதில்லை.

"இந்தச் சொல்லுக்கு மேல நான் பேரு எழுதலப்பா," என்றாள் டிம்ப்னா. "எடம் விட்டிருக்கேன். போடறதும் போடாததும் உங்க இஷ்டம்."

அட்ராக்டா ஈரக் கையோடு வந்து மலக்கிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இந்தா பாரு மனுஷா. சார்ஜென்ட்கிட்ட என்ன சொன்னியோ அதையே வாசி. ஒரு சொல்லு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். வாசிச்சிட்டு எறங்கி வந்துரு."

"ஃபிண்டன் உன் தம்பி, அட்ராக்டா."

"எனக்கு மறந்துபோச்சுன்னு நெனைக்கிறியா? செத்தவனுக்கு வீடு வேணாம். நமக்கு வேணும். கோல்மனுக்கு லாரி வேலை வேணும். ஞாயித்துக்கிழமையிலேருந்து அந்தப் பையன் வீட்டுப் பக்கமே வரல. ஷெட்டுல படுத்துக்கறானாம். அவன் மூஞ்சியப் பார்த்தியா நீ?"

மகன் கோல்மன் குவாரியில் லாரி ஓட்டுகிறான். ஃபிண்டன் செத்த அன்று அவன் முதல் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தான். அதுவரைக்கும் மாதா காப்பாற்றினாள் என்று மலக்கி நினைத்துக்கொள்வான். அதைப் பார்க்கிற கண் வீட்டில் ஒன்று போதும்.

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. நீளமாக இல்லை. கதவைத் தட்டுகிறமாதிரி மெதுவாக இரண்டு தடவை.

டிம்ப்னா திரையை விலக்கிப் பார்த்தாள். உடனே திரையை விட்டுவிட்டாள்.

"அவரேதான்," என்றாள். அப்போது அவள் இலக்கணம் பார்க்கவில்லை.

*

"ஏறு மலக்கி. டவுனுக்குத்தான போற, நானும் அங்கதான். நீ மட்டும் வா. பின் சீட்டு முழுக்கச் சாமான்."

மலக்கி திரும்பிப் பார்த்தான். அட்ராக்டா வாசலில் நின்று ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏறாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாட்டேன் என்று சொல்ல இவனுக்கும் வரவில்லை. ஏறினான். பின் சீட்டில் ஒரு குடையும் ஒரு செய்தித்தாளும் கிடந்தன. வேறு சாமான் எதுவும் இல்லை.

கார் சதுப்பு நிலத்து ரோட்டில் போனது. முதலாளி ஆம்ப்ரோஸ் ஹெஷனுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. நல்ல கம்பளிக் கோட்டு, நல்ல சோப்பு வாசனை. ஃபிண்டனின் சவப்பெட்டிக்கு அவரும் ஒரு தோள் கொடுத்தார். அன்றைக்கு ஊரே அதைப் பேசிப் பேசி உருகியது. பெட்டிக்கு மறுபக்கத்துத் தோள் மலக்கியுடையது. தேவாலயத்திலிருந்து கல்லறை வரைக்கும் அவர் மூச்சு விடுகிற சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"உன் வீட்டுக் கூரை ஒழுகுதாமே?"

"கொஞ்சம்."

"என்கிட்ட யாரும் சொல்லலியே."

"பெருசா ஒண்ணும் இல்ல."

"எது இருந்தாலும் நேரா என்கிட்ட சொல்லணும் மலக்கி. நாலு பேர்கிட்ட சொல்லி, அது சுத்தி வந்து என் காதுல விழக்கூடாது. எங்க அப்பாவுக்கும் அது பிடிக்காது. உனக்குத் தெரியாததா?"

மலக்கி தலையாட்டினான். பதில் சொல்லும்போது இவரை என்னவென்று கூப்பிடுவது என்பது அவனுக்கு எப்போதும் தொல்லைதான். முகத்துக்கு நேரே ஹிம்செல்ஃப் என்று சொல்ல முடியாது. பேரும் சொல்ல முடியாது. ஆகவே அவரிடம் அவன் பேசுகிற வாக்கியங்களுக்கு எப்போதும் தலை இருக்காது.

"கோல்மன் தங்கமான பையன்," என்றார் ஹெஷன். "புது லாரி வருது. அவன் கையில குடுக்கலாம்னு இருக்கேன்."

"ரொம்ப நல்லது."

"நேத்து ராத்திரி எங்க வீட்டுலதான் சாப்பிட்டான். என் சம்சாரம் ஆட்டுக்கறி வச்சிருந்தா. பையன் கூச்சப்பட்டு ரெண்டு வாய்தான் சாப்பிட்டான்."

குவாரித் தொழிலாளி அந்த வீட்டின் கொல்லைக் கதவுவரைதான் போவான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்த ஒருவனை இந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை.

"உங்க வீட்டுலயா?"

"ஏன், சாப்பிடக்கூடாதா?" ஹெஷன் சிரித்தார். பிறகு சிரிப்பை அப்படியே நிறுத்திக்கொண்டார். "சார்ஜென்ட்கிட்ட சொன்னதையே சொல்லு மலக்கி. எனக்காகன்னு நெனைக்காத. எல்லாருக்கும் அதுதான் நல்லது."

*

கோர்ட்டுக்கு எதிரே தபால் நிலையம். அங்கே உள்ள டெலியா எப்போது பார்த்தாலும் "அட, இது நீயேதானா மலக்கி!" என்று கத்துவாள். ஊரில் எல்லாருடைய நமஸ்காரமும் அதுதான். 'யு' இருக்க வேண்டிய இடத்தில் 'யுவர்செல்ஃப்' போடுகிற அதுவும் தப்பு இங்கிலீஷ்தான் என்று டிம்ப்னா சொல்வாள், சொல்லிக்கொண்டே பதிலுக்குச் சிரிப்பாள். இன்றைக்கு மலக்கி அந்தக் காரிலிருந்து இறங்குவதை டெலியா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தபால் தலை கிழிக்க ஆரம்பித்தாள்.

அது போதும், ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள.

படிக்கட்டில் பிரீஜ் நின்றிருந்தாள். ஃபிண்டனின் பெண்டாட்டி. கறுப்புக் கோட்டு அவளுக்குப் பெரிதாக இருந்தது. யாரிடமோ இரவல் வாங்கியிருக்க வேண்டும்.

"யாரு கார்ல வந்தேன்னு பாத்தேன்," என்றாள்.

"கூப்பிட்டாரு, பிரீஜ். எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"நான் ஒண்ணும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்குத் தொப்பி இருந்துச்சா இல்லியா?"

மலக்கி கீழே பார்த்தான்.

குவாரியில் அது பழைய வழக்கம். இயந்திரத்து வாயில் கல் சிக்கிக்கொண்டால் ஒருவன் உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்குகிறவன் தன் தொப்பியைக் கழற்றி, இயந்திரத்தைக் கிளப்புகிற நெம்புகோலில் மாட்டிவிட்டுப் போவான். நெம்புகோலில் தொப்பி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். போனவனே திரும்பி வந்து எடுத்தால் ஒழிய வேறு எவனும் அதைத் தொடமாட்டான். மேஸ்திரியும் தொடமாட்டான். சம்மட்டி அடித்து மேலே வந்த பெரிய ஹெஷனும் தொட்டதில்லை.

"கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்க தெரியுமா?" பிரீஜின் குரல் உயரவில்லை. "தொப்பியே மாட்டாம எறங்கிட்டானாம். குடிச்சிருந்தானோ என்னமோன்னு ஒருத்தன் என் காது படவே சொல்றான். என் புருஷன் தொப்பி மாட்டாத முட்டாளா மலக்கி? நாளைக்கு என் பிள்ளைங்க யாரு மொகத்துல முழிக்கும்?"

அதற்குள் கோர்ட்டுக் கதவு திறந்துவிட்டது. அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

*

விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர். மெலிந்த மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "குற்றவாளி யாருன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை இல்ல. இந்த மனுஷன் எப்படிச் செத்தான்? அது மட்டும்தான் எனக்குத் தெரியணும்."

முன் வரிசையில் ஹெஷன், பக்கத்தில் வக்கீல். சுவரோரம் சார்ஜென்ட். பின்னால் அட்ராக்டாவும் டிம்ப்னாவும். பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். பெஞ்சு முழுக்கக் குவாரி ஆட்கள், ஈரக் கோட்டு வாடையோடு. பாதிப் பேருக்கு நடந்தது தெரியும். எல்லாரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலக்கி பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தான். காகிதத்தை எடுத்தான். எழுத்துகள் எறும்புமாதிரி கலைந்தன. விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"நானும்... ஃபிண்டனும்... வேலைக்குப் போனோம்."

டிம்ப்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தான். மழை. கியூவில் லாரிகள். இயந்திரத்து வாயில் கல் சிக்கியது. ஃபிண்டன் இறங்கினான். அப்புறம் அந்தச் சிவப்பு வட்டம் வந்தது. அதன் தலைக்கு மேல் டிம்ப்னா விட்டிருந்த வெற்றிடம்.

வெற்றிடத்தைத் தாண்டிவிட்டான்.

"ஹிம்செல்ஃப்... இயந்திரத்துப் பக்கம் வந்தாரு. கொஞ்ச நேரத்துல... இயந்திரம் ஓட ஆரம்பிச்சுது. ஓடிப் போய்ப் பார்த்தோம். அவ்வளவுதான்."

காகிதத்தை மடித்தான். வக்கீல் மூச்சு விட்டது கேட்டது.

"இருங்க," என்றார் அதிகாரி. "ஹிம்செல்ஃப்னா யாரு?"

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நான்கைந்து பேர் தொற்றிக்கொண்டார்கள். இது என்ன கேள்வி! வானத்தைக் காட்டி அது யாருது என்று கேட்கிறமாதிரி.

அதிகாரி சிரிக்கவில்லை. "எனக்குச் சிரிப்பு வரல. நான் இந்த ஊர் இல்ல. ஊருக்குத் தெரிஞ்சா போதாது, இங்க எழுதணும். பேரு?"

சிரிப்பு அணைந்தது. மழைத் தண்ணீர் யாருடைய குடையிலிருந்தோ சொட்டுகிற சத்தம் கேட்டது.

மலக்கி அந்தப் பேரைத் தேடினான். தெரியாத பேரா? குவாரி போர்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டப் பழகியபோது அவன் முதல் முதலில் கூட்டிப் பார்த்ததே அந்த போர்டைத்தான். ஆனால் நாக்கு அதைச் சொல்லிப் பழகவில்லை. வாயில் கல் அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கண் தானாக முன் வரிசைக்குப் போனது. ஹெஷன் அவனைப் பார்க்கவில்லை. நிதானமாகத் தன் கையுறையை மடித்துக்கொண்டிருந்தார். கூரை. லாரி. ஆட்டுக்கறி. அட்ராக்டா ஜெபமாலையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பிரீஜ், அந்த இரவல் கோட்டுக்குள் விறைத்துப்போய்.

"ஆம்ப்ரோஸ் ஹெஷன்," என்றான் மலக்கி.

சொன்ன பிறகுதான் தன் குரல் அது என்று அவனுக்குத் தெரிந்தது. குவாரி ஆட்கள் ஒரே சமயத்தில் தலை தூக்கினார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அவருக்கு அது வெறும் பேர். "சரி. அவர் வந்தாரு. அப்புறம் இயந்திரம் ஓட ஆரம்பிச்சுதுன்னு இருக்கு. அது தானாவே ஓடுமா?"

"ஓடாது, ஐயா."

"பின்ன?"

தண்ணீரில் ஒரு படி இறங்கியாகிவிட்டது. இனி ஏறினாலும் அதே நனைதல்தான். மலக்கி கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நெம்புகோல்ல ஃபிண்டனோட தொப்பி தொங்கிச்சு. நான் பாத்தேன். கீழ சரிவுல நின்னேன், நல்லாத் தெரிஞ்சுது. அவரு வந்து அந்தத் தொப்பியை எடுத்தாரு. யாரோ காயப் போட்டிருக்காங்கன்னு நெனைச்சிருப்பாரு போல. அவருக்கு எங்க வழக்கம் தெரியாது, பெரிய ஸ்கூல்ல படிச்சவரு. 'இந்த அழுக்குத் துணி யாருது?'ன்னு கேக்கறமாதிரி தூக்கிப் பாத்தாரு. ஓரமாப் போட்டுட்டு இழுத்தாரு. நான் கத்தினேன், ஐயா. லாரிச் சத்தத்துல கேக்கல."

பிரீஜிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. ரொம்ப நேரம் அடக்கி வைத்த மூச்சு. பிறகு அவள் எல்லாரையும் திரும்பிப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக. தொப்பி இருந்தது. கேட்டீர்களா? தொப்பி இருந்தது.

"இதை ஏன் சார்ஜென்ட்கிட்ட சொல்லல?"

"பயம், ஐயா."

"இப்ப?"

"இப்பவும் பயம்தான்."

மலக்கிக்கு அழுகை வந்தது. ஆனால் இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு முழுக்கக் காற்று இறங்கியது. வேலை போகும். வீடு போகும். போகட்டும். கோல்மன் சின்ன வயசு, இங்கிலாந்துக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான்.

வக்கீல் எழுந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. அதுதான் மலக்கியை உறுத்தியது. பார்த்துப் பார்த்துக் காத்திருந்த விருந்தாளி வந்துவிட்டமாதிரி அவர் முகம் இருந்தது.

"மிஸ்டர் கெராட்டி, நீங்க கீழ சரிவுல நின்னீங்க?"

"ஆமா."

"நெம்புகோல் பக்கத்துல இல்ல?"

"இல்ல."

"அதைச் சொல்லக்கூடிய வேற சாட்சி யாராவது உண்டா?"

மலக்கி பெஞ்சைப் பார்த்தான். எல்லாக் கண்ணும் மறுபடி தரைக்குப் போய்விட்டது.

"தெரியல."

"ரொம்ப நன்றி. எறங்கி உக்காரலாம்." மலக்கி இறங்கிப் போய்ப் பிரீஜ் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். வக்கீல் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "ஐயா, எங்க தரப்புல ஒரு சாட்சி உண்டு. சம்பவத்தின்போது தன் லாரியில உக்காந்திருந்தவர். கோல்மன் கெராட்டி."

அட்ராக்டாவின் கையிலிருந்து ஜெபமாலை அறுந்து விழுந்து மரத் தரையில் சிதறியது.

பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு கோல்மன் வந்தான். கழுத்தில் பட்டை பட்டையாகக் கோடு போட்ட டை. அவன் வாழ்நாளில் டை கட்டினவன் இல்லை. முடிச்சு வேறு யாரோ போட்டுவிட்ட முடிச்சு, அவ்வளவு நேர்த்தி. அப்பாவைத் தாண்டித்தான் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. தாண்டும்போது அந்தச் சோப்பு வாசனை அடித்தது.

'முதல் லோடு போயிட்டேனேப்பா' என்று அன்று ராத்திரி அவன்தானே சொன்னான்? மலக்கி யோசித்தான். சொன்னான். கேட்காமலேயே சொன்னான்.

கோல்மன் சத்தியம் செய்தான். அவன் லாரி அன்றைக்குக் கிளம்பவில்லை, கியூவில் மூன்றாவதாக நின்றது என்றான். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது என்றான். மனப்பாடம் செய்ததுபோல ஒரே சீராகப் பேசினான். பேச்சில் ஒரு தப்பு இல்லை.

"நெம்புகோல்ல தொப்பி இருந்துச்சா?" என்றார் அதிகாரி.

"இருந்துச்சு."

"யாரு எடுத்தாங்க?"

கோல்மன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே மழை வலுத்திருந்தது. அவன் தொண்டை அந்த டைக்குள் ஒரு தடவை ஏறி இறங்கியது.

"எங்க அப்பா."

"அடப்பாவி..." என்று ஆரம்பித்த அட்ராக்டாவின் வாயை டிம்ப்னா பொத்திவிட்டாள். பிரீஜ் மெல்லத் திரும்பினாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஊரையே நிமிர்ந்து பார்த்த கண்கள் இப்போது மலக்கி ஒருவன் மேல் மட்டும் நின்றன. அவளும் அவனும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். அவள் தன் கோட்டை இழுத்துக்கொண்டு ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

இல்லை என்று சொல்ல மலக்கி எழப் பார்த்தான். எழ முடியவில்லை. அவன் பார்வை கூண்டிலேயே மாட்டிக்கொண்டது. கட்டைக்குக் கீழே, வேறு யார் கண்ணிலும் படாத இடத்தில், மகனுடைய இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. ஆட்டுக்கறிக்கும் புது லாரிக்கும் ஒருவன் இப்படி நடுங்கமாட்டான். இவனை வேறு எதைக் காட்டிப் பிடித்திருக்கிறார்கள்? அந்த லாரிக் கண்ணாடி வழியாக இவன் வேறு என்ன பார்த்தான்? அல்லது, மாதாவே, இவன் என்ன செய்தான்?

சார்ஜென்ட் எழுந்தார். யாரையும் பார்க்காமல் நடந்துபோய், வெளிக் கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.